மோட்டார் சைக்கிளும் கருப்புக் கோழியும்

"...இல்லேன்னா அந்த வண்டியை அப்படியே உருட்டிக்கிட்டுப் போய் உல்சூர் ஏரியில தள்ளிட்டு வாங்க. அது இந்த வீட்டை விட்டுத் தொலையற அன்னிக்கு நம்ம கருப்புக் கோழியை ஆண்டவருக்குக் காணிக்கையாக் கொண்டு போய் விடுறேன். இது என் பொருத்தனை," என்றாள் என் மனைவி செல்வமணி.

பேசிக்கொண்டே என் முழங்காலில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கும் நான் விழுந்திருந்தேன். இடது முழங்கால். வலது முழங்காலில் முந்தின சனிக்கிழமைப் பற்று இன்னும் உதிரவில்லை.

சபையாரே, கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் அவர் அதைச் செய்த விதத்தில் எனக்கு எவ்வளவு எரிச்சல் வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மறைத்தால் அது சாட்சி ஆகாது.

என் பெயர் தேவசகாயம். மர்பி டவுனில் இருக்கிறேன். பெட்டி அடிக்கிற தச்சன். சுதந்திரம் வந்த பிறகு கண்டோன்மென்ட்டில் இருந்த ஆங்கிலோ இந்தியர்கள் குடும்பம் குடும்பமாகக் கப்பல் ஏறினார்களே, அவர்கள் சாமானுக்கெல்லாம் மரப்பெட்டி அடித்துக் கொடுத்தது நான்தான். என் மனைவி பிரசவம் பார்க்கிறவள். ஆஸ்பத்திரியில் வேலை, வீடுகளுக்கும் போவாள்.

அவளுடைய அண்ணன் சாமுவேல் ரயில்வேயில் இருக்கிறார். பையப்பனஹள்ளியில் குவார்ட்டர்ஸ். அவர் மனைவி கிருபாவுக்கு முதல் பிரசவ வலி கண்டபோது ஆள் அனுப்பினார்கள். நல்ல மழை. ஜட்கா ஸ்டாண்டில் ஒரு வண்டிக்காரன் கூட அந்த ரோட்டுக்கு வர மாட்டேன் என்றான். கடைசியில் ஒருவன் பாதி தூரம் வந்து குதிரை நொண்டுகிறது என்று இறக்கி விட்டுவிட்டான். மீதியைச் செல்வமணி சேற்றில் நடந்தாள். அவள் போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்து, மூச்சும் நின்றிருந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம்.

வீட்டுக்கு வந்து கை கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். "கை சுத்தமாயிடிச்சி, போதும் வா," என்றேன்.

"நேரத்துக்குப் போயிருந்தா இந்தக் கைக்கு வேலை இருந்திருக்கும்," என்றாள்.

அன்றிலிருந்து நான் ஒரே ஜெபம்தான் பண்ணினேன். ஆண்டவரே, இவளைக் கொண்டுபோய்ச் சேர்க்க எனக்கு ஒரு வழி கொடும். இவ்வளவுதான் கேட்டேன். என்ன மாதிரி வழி என்று விவரம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த மழைக்காலத்துக்கு ஆறேழு மாதம் முன்னால், லண்டனுக்குப் புறப்பட்ட ஒரு துரை வீட்டில் பெட்டி அடித்துக்கொண்டிருந்தேன். யுத்தம் முடிந்து ராணுவம் ஏலம் விட்ட மோட்டார் சைக்கிள் ஒன்று அவர் ஷெட்டில் நின்றது. பச்சை நிறம், எருமைக் கன்று கனம். அதற்கும் பெட்டி அடிக்கணுமா என்று கேட்டேன். அவர் அதைச் சுற்றி வந்து, பெட்ரோல் டாங்கியைத் தட்டிக் கொடுத்து, "கப்பல்ல இதுக்கு எடம் இல்லே மேன். நீ எட்துக்கோ," என்றார். ஜெபம் கேட்கப்பட்டது என்று அங்கேயே ஆணிகளுக்கு நடுவில் முழங்கால் போட்டேன். அதே மாதம் கிருபா மறுபடியும் உண்டாகியிருக்கிற செய்தியும் வந்தது. எல்லாம் கூடி வருகிறது என்று நினைத்தேன். ஓட்டத் தெரிய வேண்டும் என்ற சங்கதி ஒன்று பாக்கி இருந்தது.

கற்றுக்கொடுக்க வந்தவர் சாமுவேல் மச்சான்தான். யுத்தத்தில் இதே மாதிரி வண்டியில் தபால் கொண்டு போனவர். குண்டுச் சிதறல் பட்டு அவருடைய வலது பாதம் மடங்காது. அந்த வண்டிக்கோ கியர் வலது காலில். அதனால் அவர் ஓட்ட முடியாது, கத்த முடியும். ஏரிக்கரை மைதானத்தில் நான் அடித்த பெட்டியையே கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து கத்துவார்.

"கிளட்ச்சைப் பிடி மாப்பிள. கியரைப் போடு. இப்ப விடு. ஏய், மெதுவா. கோழிக்குஞ்சைத் தரையில விடற மாதிரி விடு."

நான் விட்ட வேகத்தில் எந்தக் கோழிக்குஞ்சும் பிழைத்திருக்காது.

முதலில் கிக்கர். ஹேண்டிலில் ஒரு சின்னக் கைப்பிடி இருக்கிறது. அதைச் சரியான இடத்தில் தள்ளி வைக்காமல் மிதித்தால் கிக்கர் திருப்பி உதைக்கும். குதிரை கூட உதைக்கப் போகிறேன் என்று காதை மடக்கிக் காட்டும். இது அந்த மரியாதை கூடச் செய்யாது. கெண்டைக்காலில் நீலம் பாரித்துப்போய் நொண்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். மர்பி டவுனில் சைக்கிள் கூட ஓட்டத் தெரியாதவர்கள் எல்லாரும் எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். "இடுப்புலதான் சார் இருக்குது சூட்சுமம்," என்று ஒருவர். "மூச்சைப் பிடிச்சிக்கிட்டு உக்காருங்க," என்று ஒருவர். கறிக்கடைக்காரர், "வண்டி உங்களைப் பார்த்துப் பயப்படணும்," என்றார்.

ஒருவழியாக வண்டி ஓட ஆரம்பித்தது. அப்போதுதான் பெரிய உபத்திரவம் தொடங்கியது. வெறும் மைதானத்தில் நன்றாக ஓட்டினேன். எதிரில் ஏதாவது வந்தால் நேராக அதன் மேலேயே போனேன். ஒரு சனிக்கிழமை சலவைக்காரர்கள் உலர்த்தியிருந்த படுக்கை விரிப்புகளுக்குள் புகுந்து, ஒன்றைப் போர்த்திக்கொண்டே மறுபக்கம் வந்தேன். அவர்களில் ஒரு அம்மாள் துரத்திக்கொண்டு வந்து, "ஏனப்பா, கண்ணு காண்சல்வா?" என்று கன்னடத்தில் கேட்டாள். கண் தெரியவில்லையா என்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. பாருங்கள், அவள் எவ்வளவு சரியாகக் கேட்டாள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

"எதிர்ல ஒண்ணும் இல்லேன்னா ராஜா மாதிரி ஓட்டறே," என்றார் சாமுவேல் மச்சான். "ஒரு ஆடு வந்தாப் போதும், பாசமாப் போய் அது மேல விழறே. என்னா மாப்பிள இது?"

எனக்கும் புரியவில்லை. வண்டி ஒருபக்கமாக இழுக்கிறதோ என்று சிவாஜிநகர் மெக்கானிக் பாயிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் ஏறி, மார்க்கெட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கி, துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "கட்பட் ஒண்ணும் இல்லே சாப். வண்டி அச்சா இருக்குது. ஓட்டறவரைத்தான் கழட்டிப் பாக்கணும்."

வீட்டு ஜெபக் கூட்டத்தில் விண்ணப்பம் வைத்தேன். எல்லாரும் பாரத்தோடு ஜெபித்தார்கள். ஒரு மூப்பர் மட்டும், "ஆண்டவரே, எங்கள் சகோதரனைத் தாழ்த்தும்," என்று ஜெபித்தார். அது ஒன்றுதான் உடனே கேட்கப்பட்டது. மறுநாள் சாக்கடையில் இருந்தேன்.

இதற்கு மேல் ஒன்று. ஒரு காலை, அடுப்படியில் செல்வமணி கண்ணீரோடு ஜெபம் பண்ணுவதைக் கேட்டேன். "கர்த்தாவே, அந்த வண்டி கிளம்பவே கூடாது. எனக்கு என் புருஷன் வேணும்." வாசலில் நான், கர்த்தாவே இது கிளம்ப வேண்டும் என்று மிதித்துக்கொண்டிருக்கிறேன். ஒரே வீட்டிலிருந்து ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு விண்ணப்பங்கள். ஆண்டவர்தான் என்ன செய்வார். ஒருநாள் கிளம்பும், ஒருநாள் கிளம்பாது.

ஏரியில் தள்ளச் சொல்லி அவள் பொருத்தனை பண்ணிய சாயங்காலம் எனக்கும் மனம் விட்டுப்போயிற்று. மழை பிடித்துவிட்டது. கிருபாவுக்கு மாதமும் நிறைந்துவிட்டது. நான் வாசலில் அந்தப் பச்சை இரும்பின் முன்னால் நின்று சொன்னேன்: "வழி கேட்டேன். இதைக் கொடுத்தீர். இது எனக்கு வராது ஆண்டவரே. நீரே எடுத்துக்கொள்ளும்." உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

அடுத்த நாள் மத்தியானம். விடாத மழை. ரயில்வே போர்ட்டர் ஒருவர் சைக்கிளில் தொப்பலாக நனைந்து வந்து நின்றார். "சாமுவேல் சம்சாரத்துக்குக் காலையிலேருந்து வலிம்மா. இப்ப ஜாஸ்தி ஆயிடிச்சி. உங்களத்தான் கூப்புடறாங்க."

செல்வமணி பையை எடுத்துக்கொண்டு ஜட்கா ஸ்டாண்டுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். வண்டி இல்லை. அவள் மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் வந்து நின்றாள். அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"கிளப்புங்க," என்றாள்.

கைப்பிடியைத் தள்ளி வைத்து மிதித்தேன். கிளம்பியது. அதுவே ஒரு அற்புதம். அவள் பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, என் சட்டையை முதுகில் கொத்தாகப் பிடித்தாள்.

பழைய மதராஸ் ரோட்டில் நல்லபடியாகத்தான் போனோம். ஒரு திருப்பத்தில் எருமைக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. "ஆண்டவரே," என்றேன். அடுத்த நொடி செல்வமணி என் முதுகில் ஓங்கி அறைந்தாள். வண்டி ஓரத்துச் சேற்றில் இறங்கிச் சாய்ந்தது. இரண்டு பேரும் சேற்றில். அடி ஒன்றும் இல்லை. பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே விழுந்திருந்தாள். எருமைகள் எங்களைப் பார்த்துக்கொண்டே நிதானமாகக் கடந்து போயின.

"கண்ணை மூடிக்கிட்டா வண்டி ஓட்டறீங்க?" என்றாள்.

"நானா?"

"நீங்கதான். எட்டிப் பாக்கறேன், கெட்டியா மூடிக்கிட்டு இருக்கீங்க."

"ஜெபம் பண்ணேன்."

அவள் சேற்றில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்தாள். சிறு வயதிலிருந்து நம்மை எப்படிப் பழக்கியிருக்கிறார்கள். ஞாயிறு பள்ளியில் ஒரு கண்ணைத் திறந்தாலும் குட்டு விழும். ஆண்டவரே என்று வாய் சொன்னால் இமை தானாக மூடிக்கொள்ளும். ஆபத்து வரும்போதெல்லாம் அவரைக் கூப்பிட்டேன். கூப்பிடும்போதெல்லாம் கண்ணை மூடினேன். ஆடு, சலவை விரிப்பு, சாக்கடை எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். எனக்கே தெரியாமல் இத்தனை மாதம்.

செல்வமணி எழுந்து புடவையைப் பிழிந்தாள். "நானும்தான் ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஜெபம் பண்றேன். கண்ணை மூடிக்கிட்டா பிள்ளையைப் பிடிக்கிறேன்? தூக்குங்க வண்டியை. பாத்துக்கிட்டே கேளுங்க. அவருக்குக் கேக்கும்."

தூக்கினேன். மிதித்தேன். மறுபடியும் கிளம்பியது.

அதற்கப்புறம் பையப்பனஹள்ளி வரைக்கும் நான் பண்ணிய ஜெபம் மாதிரி என் ஆயுசில் பண்ணியதில்லை. மழை கண்ணில் அடித்தாலும் இமைக்காமல், கண்டதையெல்லாம் வாய் விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். ஆண்டவரே, பள்ளம். ஆண்டவரே, மாட்டு வண்டி. ஆண்டவரே, எதிரில் பஸ். ஆண்டவரே, நாய், நாய், போய்விட்டது, ஸ்தோத்திரம். நான் பார்த்ததை அவருக்குச் சொன்னேன். வண்டி அதையெல்லாம் சுற்றிக்கொண்டு போனது. பின்னாலிருந்து ஒவ்வொன்றுக்கும் "ஆமென்" என்று சத்தம் வந்தது.

நிறுத்துவதுதான் சரியாக வரவில்லை. குவார்ட்டர்ஸ் வேலியில் சாய்த்து நிறுத்தினேன். அது நிற்கும் முன்னே செல்வமணி இறங்கி உள்ளே ஓடிவிட்டாள்.

சாமுவேல் மச்சான் வெளியே வந்தார். உள்ளே அவர் மனைவி கதறுகிறாள். என்ன செய்வதென்று தெரியாமல் வண்டியைச் சுற்றி வந்து பெட்ரோல் குழாயை மூடினார். குனிந்து கியரைப் பார்த்தார். "முழுக்க ரெண்டாம் கியர்லயேவா வந்தே மாப்பிள," என்று சொல்லி என் தோளில் தலையை வைத்து அழுதுவிட்டார்.

ரொம்ப நேரம் போகவில்லை. குழந்தை கத்திய சத்தம் கேட்டது. பெண். இந்தப் பிள்ளைக்கும் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. தலை வெளியே வந்த அந்த நொடியில் செல்வமணி விரலை விட்டு அதைக் கழற்றி எடுத்திருக்கிறாள். அந்த விரல் அங்கே இருந்தது, சபையாரே. அதற்குத்தான் நான் வழி கேட்டிருந்தேன்.

அவள் வெளியே வந்து தொட்டியில் கை கழுவினாள். ஒரே தடவை கழுவினாள். துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இப்போது என்னை ஜெபிக்கக் கூப்பிடுகிறவர்கள் நான் கண்ணைத் திறந்துகொண்டே ஜெபிப்பதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். வண்டியும் ஒன்றும் திருந்திவிடவில்லை. குளிர் அடித்தால் கிளம்பாது, கெண்டைக்காலை இன்னும் உதைக்கிறது. ஆனால் வலி கண்ட வீட்டிலிருந்து ஆள் வந்தால் ஜட்கா ஸ்டாண்டுக்கு இனி யாரும் ஓடுவதில்லை. உங்களில் யாருக்காவது எதிரில் ஒன்று வழியை அடைத்துக்கொண்டு வருகிறதா? அவரைக் கூப்பிடுங்கள். ஆனால் அதை நேராகப் பார்த்துக்கொண்டே, அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். நான் கேட்டது வந்தது. உங்களுக்கும் வரும்.

அந்தப் பிள்ளை பிறந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு கோவிலுக்குப் போகக் காத்திருந்தேன். செல்வமணி கருப்புக் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"வண்டி இன்னும் வீட்டுலதானே இருக்கு," என்றேன்.

பின்னால் ஏறி உட்கார்ந்தாள். கோழியை மடியில் வைத்து, முந்தானையால் மூடி, ஒரு கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். புறப்படலாமா என்று திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள்.