புற்று வேண்டும், கரையான் வேண்டாம்

மதியம் இரண்டரை மணி. குத்தம்பாக்கத்தில் வில்லாக்கள் கட்டும் மனையிலிருந்து வெளியேறி, திருமழிசை பக்கமாக ஒரு கிலோமீட்டர் நடந்திருந்தேன். ஒரு செருப்பு அறுந்து கையில் இருந்தது. போகிற லாரியெல்லாம் என் முகத்தில் ஒரு பிடி எம்-சாண்ட் மணலை வீசிவிட்டுப் போனது.

அங்கே எனக்கு அஸ்திவாரப் பள்ளங்களில் கரையான் மருந்து அடிக்கும் வேலை. அதில் குறை இல்லை. மரக்கதவு போடுகிறவன் கரையானுக்குப் பயப்படத்தான் செய்வான். தகராறு, பூங்காவுக்கு விட்ட மூலையில் நிற்கும் ஆளுயரப் புற்றால் வந்தது. ஏரிக்கரையில் குடியிருக்கும் இருளர்களுக்கு அதுதான் கன்னியம்மா சாமி. மழை விழுந்ததும் அதிலிருந்து கிளம்பும் ஈசலைப் பிடித்து வறுத்துத் தின்பார்கள். புற்றை இடிப்பதில்லை என்று கம்பெனி அவர்களிடம் ஒப்புக்கொண்டிருந்தது. இடிக்கவும் இல்லை. சுற்றிலும் டைல்ஸ் பதித்து, ஸ்டீல் வேலி போட்டு, சாமி பேர் எழுதிய பலகை வைத்தது. முதலில் குடிவந்தவர்கள் வெள்ளிக்கிழமைகளில் மஞ்சள் தூவிக் கும்பிட்டார்கள். பிறகு அவர்களே, அதிலிருந்து கரையான் வீட்டுக்குள் வரும் என்று புகார் கொடுத்தார்கள்.

"பூங்கா முழுக்க அடி. புத்து மேல மட்டும் படாம பாத்துக்க" என்றார் சூப்பர்வைசர்.

"கரையான் செத்துட்டா புத்து எப்படி சார் நிக்கும்? நாலு மழையில கரைஞ்சிடும்."

"அது சாமிப்பா. சாமிய மருந்து என்ன பண்ணும்?"

முதுகிலிருந்த மருந்து டேங்கை இறக்கி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. "இன்னா நைனா, பையத் தூக்கிகினு கெளம்பிட்ட? குந்து. பூந்தமல்லி முப்பது ரூபா."

உள்ளே, நண்டுப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு செல்லம்மா இருந்தாள். ஏரிக்கரை இருளர் வீட்டுப் பெண். மார்க்கெட்டுக்குப் போகிறாள்.

"மருந்தடிக்கிற அண்ணன்தான நீ? எங்க போற?"

நடந்ததைச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"உட்டுட்டு வந்துட்டியா? நாளிக்கு யாரு அடிப்பா?"

"எவனாவது வருவான்."

"அவன் புத்து மேலயே ஊத்துவான். கன்னியம்மாவப் பாக்க எங்களையே கேட்டுல நிக்கவெச்சி கேள்வி கேக்கறாங்க. உள்ள இருந்த ஒரே ஆளு நீ. நீயும் ரோசப்பட்டுகினு வந்துட்ட."

"நான் என்னக்கா பண்றது? நான் எஞ்சினியரா?"

"பம்பு உன் கைல தான இருந்துச்சி?"

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "போராட்டம் பண்ணிட்டு ஷேர் ஆட்டோல ஓடுற ஆள இப்பதான் பாக்கறேன், அண்ணாத்தே."

பூந்தமல்லி வந்தது. நண்டு ஒன்று பையைக் கிழித்துக் கால் நீட்டியது. செல்லம்மா அதை உள்ளே தள்ளிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே மார்க்கெட்டுக்குள் போனாள்.

அம்பத்தூர் மேனாம்பேட்டில் தெரிந்தவர் ஒருவரின் லேத் பட்டறை இருக்கிறது. அங்கே போய்விடலாம் என்றுதான் புறப்பட்டிருந்தேன். ஐந்து மணிக்குப் பஸ் வந்தது. படியில் ஏழெட்டுப் பேர் தொங்கினார்கள். அடுத்ததும் வந்தது. ஏறவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் இடிக்கிறவன் வெளிப்படையாக இடிப்பான். திட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். இங்கே வேலி போட்டு, விளக்கேற்றி, அடியில் விஷம் ஊற்றுகிறார்கள். யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. பஸ் நிலையத்திலேயே படுத்தேன். கொசு தூங்க விடவில்லை.

காலை எட்டரைக்கு மறுபடியும் குத்தம்பாக்கம். சூப்பர்வைசருக்கு வேறு ஆள் கிடைத்திருக்கவில்லை.

"கொழுப்பு அடங்கிடுச்சா?"

"அடங்கிடுச்சு சார்."

அதே வேலையை, அதே கூலிக்கு மறுபடி ஒப்புக்கொண்டேன். மருந்தே படாத புது டேங்க் ஒன்று ஷெட்டில் இருந்தது. அதில் குழாய்த் தண்ணீரை நிரப்பி முதுகில் மாட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போனேன்.

"மண்ணு நல்லா நனையணும்" என்றார் சூப்பர்வைசர், நிழலில் நின்றபடி.

நன்றாகவே நனைத்தேன்.