பளபளாவின் கடைசிச் சுருள்

பேசும் பொம்மைகளுக்குள் வைக்கிற சர்க்யூட் போர்டு செய்யும் தொழிற்சாலையில் அவளுக்குப் பளபளா என்று பெயர். அவள் ஈயத்தை உருக்கிச் சால்டர் வைத்த புள்ளிகள் அப்படி மின்னும். பதினோரு வருஷக் கைப்பழக்கம். ஒரு கையில் ஈயம் உருக்குகிற அயர்ன் சுடச்சுட, மறு கையில் போர்டு. கடவுள் மூன்றாவது கை கொடுக்காததால் ஈயக் கம்பியைப் பல்லிடுக்கில் கவ்விக்கொள்வாள். யாரும் அதற்காக ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்னாலும் கேட்கிற ஆளில்லை.

பிறகு சட்டம் வந்தது. மின்சாதனங்களில் ஈயம் கூடாது என்றார்கள். புதுக் கம்பி லேசில் உருகாது. ஆறினால் மங்கலாக உறையும். தான் வைத்த முதல் புள்ளியைப் பார்த்து அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்னடி இது, சாம்பல் அப்பின மாதிரி இருக்கு! சட்டம் எழுதினவன் ஒரு நாளாவது அயர்ன் பிடிச்சிருப்பானா?" என்று பக்கத்து மேஜைக்காரியிடம் பொரிந்து தள்ளினாள். பழைய கம்பியையெல்லாம் திருப்பிக் கொடுக்கச் சொன்ன அன்று ஒரு சுருளை மட்டும் டிபன் பையில் பதுக்கினாள். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் நகர்ந்தால் பழைய கம்பி வாய்க்கு வந்துவிடும்.

மூன்றாம் வாரம், தரம் சோதிக்கும் பெண் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியைப் போர்டுகள்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு தட்டில் ஈயம் இருப்பதாகக் காட்டியது. கருவியே தேவையில்லை, மங்கல் போர்டுகளுக்கு நடுவே அந்தத் தட்டிலிருந்த இருபதும் கண்ணைப் பறித்தன. நேராகப் பளபளாவிடம் வந்து நின்றாள்.

"அக்கா, வாயில என்ன?"

வாயில் கம்பி. எடுத்து மேஜைமேல் வைத்தாள். வேலை போச்சு என்றே நினைத்தாள்.

"வீட்ல சின்னப் பிள்ளை இருக்கா?"

"ஒரு பொண்ணு. நாலு வயசு. அவமேல சத்தியமா, இனிமே..."

"சத்தியமெல்லாம் வேண்டாம்க்கா. சூப்பர்வைசர்கிட்ட நான் பேசிக்கறேன், இந்த இருபதையும் புதுக் கம்பியில நீங்களே மாத்தி வைங்க. ஈயம் விஷம்க்கா, நாளைக்கு அம்மாவும் பொண்ணுமா ரத்தம் டெஸ்ட் பண்ணிடுங்க. வீட்டுக்குப் போனதும் இந்த வாயாலதானே முத்தம் கொடுக்கறீங்க?"

அவள் ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். மகளின் சீட்டிலும் எண் அதிகமாக இருந்ததைப் பார்த்ததும் ஆஸ்பத்திரி பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"வர்ற வழியை அடைச்சிட்டா கொஞ்சம் கொஞ்சமா இறங்கிடும்மா. நல்லவேளை, இப்பவே வந்தீங்க" என்றார் டாக்டர்.

பதுக்கிய சுருளைத் திருப்பிக் கொடுத்தாள். அன்றிலிருந்து வேலை உடுப்பைத் தொழிற்சாலையிலேயே கழற்றிப் போட்டு, கை முகம் கழுவி, வாய் கொப்பளித்துத்தான் வீட்டுக்குக் கிளம்புவாள். எட்டு மாதம் கழித்து மகளின் எண் இறங்கியிருந்தது. அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, முன்பு வாய்க்கு வந்தபடி திட்டிய அதே சட்டக்காரர்களை, முகம் தெரியாத அந்தப் புண்ணியவான்களை, வாயார வாழ்த்தினாள். சோதனைப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை.

இப்போது அந்தப் பெண் வந்தால், கேட்காமலே வாயை 'ஆ' என்று திறந்து காட்டுகிறாள். வீட்டிலும் தப்ப முடியாது. சாயங்காலம் கதவைத் திறந்ததும் மகள் இடுப்பில் கைவைத்து நிற்பாள்.

"அம்மா, ஆ காட்டு."

காட்டுவாள். குட்டி அதிகாரி எட்டி உள்ளே பார்ப்பாள்.

"கம்பி இல்ல."

அதற்குப் பிறகுதான் முத்தம்.