எங்கள் யூனிட் சின்னத்தில் இருந்த மலை

போன வருஷம் ஒரு திங்கட்கிழமை காலை, பூஜை முடித்து இட்லி சாப்பிட உட்கார்ந்தபோது போன் வந்தது. நான் இருபது வருஷம் வேலை பார்த்த விமானப்படைப் பிரிவிலிருந்து ஒரு பெண் அதிகாரி பேசினார். குரலைக் கேட்டால் என் மகளைவிட வயது கம்மி என்று தெரிந்தது. எடுத்தவுடன் என்னை 'சார்' என்றார். நான் ஃபிட்டராகச் சேர்ந்து சார்ஜென்டாக ஓய்வு பெற்றவன். அதிகாரி ஒருவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில் கை கழுவாமலே எழுந்து நின்றுவிட்டேன். பேசி முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தேன்.

அவர் சொன்னது இதுதான். பிரிவுக்குப் பொன்விழா வருகிறது. வரலாற்றுப் புத்தகம் ஒன்று போடுகிறார்கள். வாசலில் வைக்கப் பிரிவின் சின்னத்தைப் புதிதாகப் பித்தளையில் வார்க்கிறார்கள். வார்ப்பதற்கு முன்னால், சின்னத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும் ஏன் இருக்கிறது என்று ஒரு வரிக் காரணம் எழுத வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. காரணம் இல்லாத பொருளை எடுத்துவிடுவார்கள்.

"பருந்துக்குக் காரணம் பைலில் இருக்கிறது, சார். ஸ்பேனருக்கும் இருக்கிறது. மலைக்கு மட்டும் 'நிலைத்தன்மை' என்று ஒரே ஒரு வார்த்தை இருக்கிறது. இங்கே கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் ஒரு மேடுகூடக் கிடையாது. கமிட்டியில் கேட்கிறார்கள், இது எந்த மலை என்று. வரைந்தவர் நீங்கள்தான். இரண்டு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்."

சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். அது எந்த மலை என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் தெரிகிற மலை. அண்ணாமலையாரை யாருக்கும் சொல்லாமல் நான்தான் அந்தச் சின்னத்துக்குள் கொண்டுபோய் வைத்தேன். நிஜத்தை எழுதினால் மலையை எடுத்துவிடுவார்கள். பழையபடி நிலைத்தன்மை என்று எழுதினால் இருக்கும். ஆனால் அதன் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும்.

எங்கள் பிரிவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விமானம் ஓட்டுகிறவர்கள் எங்கள் பிரிவில் இல்லை. நாங்கள் ரிப்பேர் செய்கிறவர்கள். அடிபட்டோ, ஓடி ஓடித் தேய்ந்தோ வருகிற விமானத்தைப் பிரித்து, பார்த்து, மறுபடி பூட்டி அனுப்புவோம். பிரிவு தொடங்கியபோது நான்கு கூடாரமும் ஒரு ரயில் வேகன் நிறைய டூல்ஸும்தான் இருந்ததாகச் சொல்வார்கள். பிறகு ஒரு தகரக் கொட்டகை வந்தது. அதை ஹேங்கர் என்று சொல்லிக்கொண்டோம். நான் போய்ச் சேர்ந்தபோது கொட்டகை மூன்றாகியிருந்தது. மழை மூன்றிலும் ஒழுகியது.

சின்னம் மட்டும் கிடையாது. மற்ற பிரிவுகளுக்குப் புலி, சிங்கம், வாள், மின்னல் எல்லாம் இருந்தன. விளையாட்டு விழா அணிவகுப்பில் அவரவர் கொடியைப் பிடித்துக்கொண்டு போவார்கள். எங்கள் கொடியில் நம்பர் மட்டும் இருக்கும். ஒரு வருஷம், பார்க்க வந்திருந்த பெரிய அதிகாரியின் மனைவி எங்களைக் கேன்டீன்காரர்கள் என்று நினைத்து, டீ எப்போது வரும் என்று கேட்டுவிட்டார். எங்கள் கமாண்டிங் ஆபீசர் அன்று மாலையே, சின்னம் வரையத் தெரிந்தவர்கள் வரைந்து கொடுக்கலாம் என்று நோட்டீஸ் போட்டார்.

நான் படித்தது பத்தாவதும் ஐடிஐயும்தான். ஆனால் விமானத்தின் வாலில் நம்பர் எழுதுவது, 'இங்கே மிதிக்காதே' என்று இறக்கையில் எழுதுவது எல்லாம் என் கையில் வந்து சேர்ந்திருந்தது. அதனால் நான் வரைந்தேன். வேறு யாரும் வரையவில்லை. எனவே எனக்கு முதல் பரிசு கிடைத்தது.

படைச் சின்னத்தில் வெளிவட்டமும் இலை வளையமும் மேலே உள்ள சிங்கமும் எல்லாப் பிரிவுக்கும் பொது. நடுவில் உள்ள இடம்தான் அவரவருக்கு. அதில் நான் பருந்து வரைந்தேன். பருந்து வீரத்துக்கு அடையாளம் என்று பைலில் இருக்கிறது. உண்மையில், எங்களுக்கு ஜாஸ்தி வேலை கொடுத்தது பருந்துதான். ஓடுபாதை ஓரத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்து, எழும்புகிற விமானத்தில் மோதிவிடும். மோதிய விமானம் எங்களிடம் வரும். பருந்தின் ஒரு காலில் ஒரு ஸ்பேனரைக் கொடுத்தேன். கீழே இடம் காலியாக இருந்தது. கை தானாக மலையைப் போட்டது. கிழக்கே கோயில் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. உச்சியில் ஒரு சின்னத் தீபமும் வைத்தேன்.

கமாண்டிங் ஆபீசர் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ன?"

"மலை, சார்."

"எதற்கு மலை?"

"நிலைத்தன்மை, சார்."

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. அவருக்குப் பிடித்துவிட்டது. இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

"மேலே நெருப்பு எதற்கு? நெருப்பு வைத்தால் எரிமலை ஆகிவிடும். விமானம் ரிப்பேர் செய்கிற இடத்தில் நெருப்பே இருக்கக் கூடாது. இதைப் பார்த்தால் தீயணைப்புக்காரர்கள் தங்கள் சின்னம் என்று சண்டைக்கு வருவார்கள். எடுத்துவிடு. பறக்கிற பருந்தைக் கீழே இறக்கி அங்கே உட்கார வை."

எடுத்துவிட்டு, பருந்தை ஒற்றைக் காலில் உச்சியில் நிற்க வைத்தேன். மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். வருஷத்தில் சில நாள்தானே தீபம், மற்ற நாளில் உச்சி வெறுமனேதானே இருக்கிறது என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. ஒருவன் செய்த வேலையை அவனே சரி என்று சொல்ல முடியாது. இன்னொருவன் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். படம் வரைந்ததற்கும் அதே முறையைச் செய்யச் சொன்னார் ஆபீசர். இரண்டாவது கையெழுத்துப் போட்டவர் எங்கள் ஊர் பாய். மீட்டர், அளவுமானி வேலையில் இருந்தவர், என்னைவிட நாலு வருஷம் சீனியர். அவ்வளவு பெரிய பிரிவில் திருவண்ணாமலைக்காரர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

மேலிடத்து ஒப்புதல் வந்து, சின்னம் பலகையில் ஏறி, கேட் பக்கத்தில் நின்றது. தினமும் காலை அணிவகுப்பில் நான் அதைப் பார்த்துத்தான் நிற்பேன். வாய் திறக்காமல் அருணாசலா என்று சொல்லிக்கொள்வேன். கண் அசையாமல் நிற்கிறான் என்று எனக்கு ஒழுக்கத்துக்காக நல்ல பெயர் வந்தது. கார்த்திகைக்கு லீவு கிடைத்ததே இல்லை. தீபத்தன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் பலகை முன்னால் போய் நிற்பேன். ஒரு முறை காவலுக்கு நின்றவன், இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டான். தூசு இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றேன். பாயும் வந்து பக்கத்தில் நிற்பார். "ஊர்ல இந்நேரம் இன்னா கூட்டம் இருக்கும்" என்பார். இரண்டு பேரும் தூசு பார்ப்போம்.

அதனால்தான் அந்தப் போன் வந்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் மனைவியிடம் சொன்னேன். அவள் மலைக்குப் பின்பக்கம் இருக்கிற அடி அண்ணாமலைக்காரி.

"நெசம் எழுதினா மலை போயிடும், பொய் எழுதினா இருக்கும். அவ்ளோதானே?" என்றாள்.

"அவ்ளோதான்."

"மலை இங்கதாங்க கீது. எங்கியும் போவல."

"அங்க இருந்த மலை எனக்கு அத்தினி வருஷம் தொணையா இருந்துச்சு."

"இருக்கட்டும். அதுவும் எங்க பக்கத்து மலையா இல்ல. டவுன் பக்கத்து மலையைப் போட்டு வெச்சிருக்கீங்க. எங்க ஊர்ப் பக்கம் வந்து பாத்து வரைஞ்சிருந்தா இவ்ளோ சங்கடம் வந்திருக்குமா?"

அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். சம்பந்தம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

மறுநாள் பாயைப் பார்க்கப் போனேன். தேரடி வீதியில் அவர் மகன் கடிகாரக் கடை வைத்திருக்கிறான். பாய் கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு ஒரு கைக்கடிகாரத்தைப் பிரித்து வைத்திருந்தார்.

"பாய், யூனிட்லருந்து போன் வந்துச்சு. அது எந்த மலைன்னு கேக்கறாங்க."

"நெலைத்தன்மைன்னு சொல்லிட்டியா?"

"எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பணுமாம்."

லென்ஸைக் கழற்றிவிட்டார். "கையெழுத்தா? அப்ப கஷ்டம்தான்பா."

"நீங்களும்தானே அன்னிக்குக் கையெழுத்துப் போட்டீங்க?"

"நான் அளவு கரெக்டா இருக்குதான்னு பாத்துப் போட்டேன். அளவு கரெக்டு. நீ மலையப் போட்டியா, மசூதியப் போட்டியான்னு என்னை யாரு கேட்டாங்க?" என்று சிரித்தார். பிறகு, "தெரிஞ்சுதான் போட்டேன். அப்ப எனக்கும் ஊர் ஞாபகம்" என்றார்.

"இப்ப இன்னா பண்றது?"

"ஸ்க்ரூ டிரைவர் காணாமப் போச்சே, அன்னிக்கி இன்னா பண்ணே?"

நான் சேர்ந்த இரண்டாவது வருஷம் அது. வேலை முடிந்ததும் ஒவ்வொரு டூலையும் எண்ணிப் பெட்டியில் வைக்க வேண்டும். அன்று என் பெட்டியில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இல்லை. நான் வேலை பார்த்த விமானம் ஓடுபாதைக்குப் போக வெளியே நின்றது. உள்ளே எங்காவது கிடந்தால் பறக்கும்போது கன்ட்ரோலில் மாட்டிக்கொள்ளும். சொன்னால் என் வேலை போகும் என்று நினைத்தேன். சொல்லிவிட்டேன். விமானத்தை நிறுத்தினார்கள். நாற்பது பேர் முழங்கால் போட்டு மூன்று மணி நேரம் தேடினார்கள். கடைசியில் அது என் ஓவரால் கால் பாக்கெட்டில் இருந்தது. தலைமை டெக்னீஷியன் வந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். எல்லாரையும் கூட்டி, "விமானம் கிளம்புவதற்கு முன்னால் சொன்னவனுக்கு எங்களிடம் தண்டனை கிடையாது" என்றார். அப்புறம் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். டீயைக் குடிக்கும்வரை நாற்பது பேரும் என்னை முறைத்துக்கொண்டிருந்தார்கள். அது தண்டனையில் சேராது.

"வார்ப்பு இன்னும் ஊத்தல இல்ல?" என்றார் பாய்.

"இல்ல."

"அப்ப இன்னும் கெளம்பல. சொல்லிடு."

வீட்டுக்கு வந்து, மேலே பிள்ளையார் சுழி போட்டு, இரண்டு பக்கம் எழுதினேன். சின்னத்தில் உள்ளது திருவண்ணாமலை. எங்களுக்கு அது கல்லும் மண்ணும் இல்லை, அதுதான் சாமி. பிரிவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஊர் ஞாபகத்தில் வரைந்தேன். கேட்டபோது நிலைத்தன்மை என்று சொன்னது அந்த நேரத்தில் வாயில் வந்தது. தப்பு என்னுடையது. முடிந்தால் மலையை இருக்க விடுங்கள். முடியாவிட்டால், எடுக்கும்போது அதன்மேல் செருப்புக் காலை வைக்காமல் எடுங்கள். இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாய் படித்துவிட்டு, ஒரு இடத்தில் தேதி விட்டுப்போனதைக் காட்டி, அதை எழுதவைத்து, 'சரிபார்த்தேன்' என்று கீழே கையெழுத்துப் போட்டார்.

ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டு அப்படியே கிரிவலம் போனேன். பௌர்ணமி இல்லை, அதனால் கூட்டம் கம்மி. எட்டு லிங்கத்திலும் நின்று ஒன்றுதான் கேட்டேன். அங்கே இருந்து போகாதே என்று கேட்டேன்.

ஒரு மாதம் பதில் இல்லை. பிறகு அந்த அதிகாரியே கூப்பிட்டார்.

"உங்கள் இரண்டு பக்கத்தையும் கமிட்டியில் முழுதாகப் படித்தோம், சார். வரைந்தவருடைய சொந்த ஊர் என்பதைக் காரணமாக ஏற்க முடியாது என்று முடிவு செய்தார்கள். மலையை எடுக்க உத்தரவும் போட்டாயிற்று."

சரிதான். கேட்டதற்கு நிஜத்தைச் சொன்னேன், அதற்கு விதிப்படி பதில் வந்திருக்கிறது.

"ஆனால் வார்ப்புப் பட்டறையிலிருந்து ஒரு கேள்வி வந்தது," என்றார். "மலையை எடுத்தால் பருந்து எதன் மேல் நிற்பது என்று கேட்டார்கள். அதன் ஒரு காலில் ஸ்பேனர் இருக்கிறது. இன்னொரு கால் மலை மேல் இருக்கிறது. மலை இல்லாவிட்டால் அந்தக் கால் அந்தரத்தில் தொங்குகிறது. பருந்தை மாற்றி வரையலாம் என்றால், அதற்கு மறுபடி மேலிடத்து ஒப்புதல் வேண்டும். அது வருவதற்குள் பொன்விழா முடிந்துவிடும். அதனால் மலை இருக்கலாம் என்று முடிவாயிற்று. காரணம் என்ற இடத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறோம். வரைந்தவர் என்ற முறையில் உங்கள் சம்மதம் வேண்டும்."

"என்ன எழுதியிருக்கீங்க, மேடம்?"

"மலை: பருந்து அமருமிடம்."

நான் எழுதிய இரண்டு பக்கம் புத்தகத்தில் வராது என்றும், பைலில் நிரந்தரமாக இருக்கும் என்றும் சொன்னார். யோசித்து எழுதுகிறேன் என்றேன்.

மலை நின்றுவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் மூன்று நாள் அந்த ஒரு வரிக்குச் சம்மதம் எழுதப் பேனாவைத் தொடவில்லை. அடியும் முடியும் தெரியாமல் பிரம்மாவும் விஷ்ணுவும் தேடிய சாமியை, ஒரு பறவை உட்காருகிற இடம் என்று எழுதி, அதற்கு என் சம்மதத்தையும் கேட்கிறார்கள். மூன்றாம் நாள் மனைவியிடம் சொன்னேன். அவள் சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவர் தலைமேல கங்கை உக்காந்துக்குது. நெலா உக்காந்துக்குது. பாம்பு வேற. அவர் வேணாம்னா சொன்னாரு? ஒரு பருந்து உக்காந்தா இன்னா இப்போ?"

பேனாவை எடுத்து, 'சம்மதம்' என்று எழுதினேன்.