தண்ணீர் குடிக்கச் சொன்ன டாக்டரம்மா

டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது நர்ஸ் மேரியிடமிருந்து போன் வந்தது. "செல்விக்கா, நம்ம டாக்டரம்மா போயிட்டாங்க" என்றாள். "எந்த ஊருக்கு? மறுபடியும் கான்பரன்ஸா?" என்று கேட்டேன். அவள் அழுத பிறகுதான் புரிந்தது. முருங்கைக்காயை அப்படியே போட்டுவிட்டு வந்தேன்.

டாக்டர் வசந்தாவிடம் கிட்னி வைத்தியம் பார்த்துக்கொண்டு, இன்று அவருக்காக இங்கே கூடியிருக்கும் உங்களுக்கு நான் என்ன புதிதாகச் சொல்ல? ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். ஆனாலும் அவரைக் கிண்டல் செய்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை. ஜனக்புரியில் பிறந்து வளர்ந்தவர். பேசும் தமிழில் பாதி இந்தி. "உங்க தமிழுக்கு ஒரு டெஸ்ட் எடுக்கணும்மா" என்பேன். "அச்சா, ரிசல்ட்ட யார்கிட்டயும் சொல்லாதே" என்பார்.

கட்டிட வேலை, வீட்டு வேலை செய்கிற நமக்கெல்லாம் சர்க்கரை வியாதி இல்லாமலேயே கிட்னி ஏன் கெடுகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அதை விட்டு நம் குடிசைப் பகுதிக்கு வந்தார். ஏன் என்று கேட்டேன். "மெஷின்ல படுக்கற நிலைமைக்கு வந்தப்புறம்தான் எல்லாரும் என்கிட்ட வர்றாங்க, செல்வி. அதுக்கு முன்னாடியே நான் போய்ப் பிடிக்கணும்" என்றார்.

என்னையும் பிடித்தார். என் சிறுநீரில் புரதம் கசிவது தெரிந்தது. வெளியே சிரித்து வைத்தேன். என் அண்ணன் அந்த மெஷினில் கிடந்துதான் போனார். இடுப்புவலிக்கு நான் விழுங்கிக்கொண்டிருந்த மாத்திரைகளை முதலில் நிறுத்தச் சொன்னார். பிறகு ஒரு பெரிய கேனைக் கொடுத்து, ஒரு நாள் முழுக்கப் போகும் சிறுநீரை அதில் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார்.

"பஸ்ல யாராவது ஜூஸான்னு கேட்டா?"

"குடுத்துடாதே. எனக்கு வேணும்."

கொண்டுபோன கேனைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அடியில்தான் கொஞ்சம் இருந்தது. கிட்னி அதற்குள் இவ்வளவு மோசமாகிவிட்டதா என்று மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார். ரத்தத்தில் அப்படி ஒன்றும் இல்லை. என்னை உட்காரவைத்துக் கேட்டார்.

"வழியில சிந்திட்டியா?"

"இல்லையே."

"அப்போ மத்தியானம் போனது எங்க?"

"மத்தியானம் எங்கம்மா போறது? காலைல வேலைக்குப் போனா, சாயந்திரம் வீட்டுக்கு வந்துதான்."

"வேலை செய்யற வீட்ல பாத்ரூம் இல்லையா?"

"மூணு இருக்கு. மூணையும் நான்தான் கழுவறேன். ஆனா எங்களை விடமாட்டாங்க. அதான் தண்ணியே குடிக்கறதில்ல."

நான் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வெளியே காத்திருந்த பெண்களைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர்களும் அதையே சொன்னார்கள். "என்னென்னவோ கேட்டேன். இதைக் கேட்கவே இல்லையே" என்றார் மெதுவாக.

அன்றைக்கே, கோல் மார்க்கெட் பக்கம் நான் வேலை செய்த வீட்டுக்குப் போன் போட்டார். இந்தியில் மரியாதையாகத்தான் பேசினார்: இவள் கிட்னி கெட்டுக்கொண்டிருக்கிறது, வேலை நேரத்திலும் தண்ணீர் குடிக்கணும், பாத்ரூம் போகணும். மறுநாள் அந்த வீட்டம்மா என்னைக் கூப்பிட்டு, நான் போக வேண்டிய பாத்ரூம் எது என்று காட்டினார். அதன் பிறகு எந்தப் பெண் வந்தாலும் டாக்டரம்மாவின் முதல் கேள்வி அதுதான்.

என் கசிவு குறைந்தது. இன்று வரை மெஷின் பக்கம் போகவில்லை. "பாத்ரூம் தெறந்தாங்க, கிட்னி பொழைச்சுதுன்னு பேப்பர்ல போடுங்கம்மா" என்றேன். "அவ்வளவு ஜல்தியா சொல்லக் கூடாது. வலி மாத்திரைய நிறுத்தினதும் இருக்கு. இன்னும் நிறையப் பேரைப் பார்க்கணும்" என்றார். அப்படிப் பார்க்கும் வேலை அவர் போன பிறகும் நிற்கவில்லை. அவரோடு இருந்த இளம் டாக்டர்களும் மேரியும் இந்த வாரமும் கேன் கொடுத்தார்கள்.

எனக்கென்று அவர் விட்டுப்போனது அந்த ஒரு கேள்விதான். போன வாரம் ஒரு புது வீட்டில் சமையல் வேலை பேசப் போனேன். சம்பளம் பேசுவதற்கு முன்னால், "பாத்ரூம் எது?" என்று கேட்டேன்.

"அது உன் வேலை இல்ல. கழுவறதுக்கு வேற ஆள் இருக்கு" என்றார் அந்தம்மா.

"கழுவ இல்லம்மா. போக."

அந்தம்மா கையை நீட்டிக் காட்டினார். நான் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கி, அங்கேயே நின்று முழுவதையும் குடித்தேன்.