நர்லிங் போட்ட கடிவாளம்

எங்கள் குதிரைக்கு வலு அதிகம். ஓட ஆரம்பித்தால், வாரை எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் தலையை மேலே தூக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். ஒருநாள் சோளக்காட்டு வண்டிப்பாதையில் தொடங்கிய ஓட்டம் பைபாஸ் ஓரத்தில் போய்த்தான் நின்றது. ஒரு லாரி ஹாரன் அடித்தபடி கடந்தது.

வீடு வந்ததும், தினமும் எழுதுகிற நோட்டில் எழுதினேன்: “காலை 6.45. கடிவாளம் போதவில்லை. மாற்ற வேண்டும்.”

சங்ககிரியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். லாரிக்கும் போர்வெல் வண்டிக்கும் சாமான் கடைகிறவனுக்குக் கடிவாளத்தைக் கடையில் வாங்கத் தோன்றவில்லை. பழைய கடிவாளத்தில் வாய்க்குள் போகும் கம்பியை வெர்னியர் வைத்து அளந்தேன். பதினாறு மில்லி. மெலிந்தால் நன்றாக அழுத்தும் என்று புதியதைப் பத்தாகக் கடைந்தேன். வார் மாட்டுகிற பக்கக் கம்பிகளை இரண்டு மடங்கு நீட்டினேன். நெம்புகோல் நீண்டால் விசை கூடும். கடைசியில், வாய்க்குள் நழுவக் கூடாது என்று நர்லிங் போட்டேன். கைப்பிடிகளில் விரல் வழுக்காமலிருக்கக் குறுக்கும் நெடுக்குமாகச் சொரசொரப்பு ஏற்றுவோமே, அதுதான். எங்கள் தொழிலில் அது யோசிக்காமல் செய்கிற வேலை.

சாமான் வாங்கக் காத்திருந்த லாரி டிரைவர் அதை எடுத்துத் தடவிப் பார்த்தார்.

“ஏனுங்க, இது எந்த வண்டிக்குங்க?”

“குதிரைக்கு.”

“என்ற பத்துச்சக்கர வண்டிக்கே இத்தன பிரேக் கெடையாதுங்க. குதிரைகிட்டச் சொல்லிப்போட்டீங்களா?”

பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தபடியே, சொரசொரப்பு கீறிய கட்டைவிரலை அவர் சப்பிக்கொண்டதையும் பார்த்தேன்.

மறுநாள் குதிரை நின்றது. “இழுத்தவுடன் நிற்கிறது” என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். நான்காம் நாள், தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த என் மனைவி கூப்பிட்டாள்.

“ஏனுங்க, நொரையில ரத்தமாட்டத் தெரியுதுங்களே?”

“சோளத்தட்டு கிழிச்சிருக்கும் புள்ள.”

அன்றைய பக்கத்திலும் அப்படியே எழுதினேன்: “சோளத்தட்டு வாயைக் கிழித்திருக்கிறது.” எழுதும்போதே பொய் என்று தெரியும். இத்தனை வருட நோட்டுகளில் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான் என்று சொல்ல ஆசை. உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஒன்பதாம் நாள் குதிரை கொள்ளைத் தொடவில்லை. மனைவி என்னிடம் சொல்லாமலே மேச்சேரியிலிருந்து கால்நடை மருத்துவரை வரவழைத்து, நடந்ததையெல்லாம் சொல்லியிருந்தாள். என் மகள் வயதுப் பெண். நாக்கைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்து டார்ச் அடித்துக் காட்டினார். நாக்கின் குறுக்கே வெட்டு. உதட்டின் இரு ஓரமும் புண். பிறகு இன்னும் உள்ளே, மேல் கடைவாய்ப்பற்களுக்கு முன்னால் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு உபரிப் பல்லைக் காட்டினார்.

“பழைய கடிவாளம் இதுல இடிச்சிருக்குங்க. வலி பொறுக்காமத்தான் தலையத் தூக்கிட்டு ஓடியிருக்கு. வாயத் தொறந்து பாத்தீங்களாங்க?”

“அளந்து பாத்தனுங்க.”

“எதைங்க?”

நான் அளந்தது பழைய கம்பியை மட்டும்தான். மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு நாள் வந்து மயக்க ஊசி போட்டு அந்தப் பல்லை எடுத்தார். புண் ஆறும்வரை எதையும் மாட்டக் கூடாது, அதன்பிறகு தடித்த, வழவழப்பான கம்பி, பக்கத்தில் வெறும் வளையம் போதும் என்றார். அதையும் நானே கடைந்தேன். பதினெட்டு மில்லி. உப்புத்தாளால் தேய்த்து, என் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டே கொண்டுவந்தேன்.

இப்போது குதிரை தலையைத் தூக்குவதில்லை. ஏறி உட்கார்ந்த பிறகு, இரண்டு விரலால் தொட்டாலே நிற்கிறது. ஆனால் கடிவாளத்தோடு நான் கிட்டே போனால் பல்லைக் கடித்துக்கொள்கிறது. கழுத்து நடுங்குகிறது. வெறும் கையோடு போனாலும் அப்படித்தான்.

“நீங்க அக்கட்ட போயி நில்லுங்க. உங்களக் கண்டா வாயத் தொறக்காது” என்கிறாள் மனைவி.

தினமும் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் போய் நிற்கிறேன். அவள் “ம்” என்று கொஞ்சுவதும், குதிரை வாயைத் திறப்பதும், பக்கிள் மாட்டுகிற சத்தமும் கேட்கும். அவள் கூப்பிடும்வரை வெளியே வருவதில்லை.