அண்ணனுக்குத் தெரியாமல் இல்லை

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். போனவரின் நல்ல குணங்களை வரிசையாகச் சொல்லிக் கண்ணீரோடு முடிப்பது இத்தகைய மலர்களின் வழக்கம். எனக்கு அப்படி எழுத மனம் வரவில்லை. அண்ணனுக்கு நடந்தது அநியாயம். அதைத்தான் எழுதுகிறேன். படிக்கக் கசப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் ஏற்காடு மலையில் செம்மநத்தத்தில், ராகியும் சாமையும் கொஞ்சம் காப்பியும் விளைவித்த குடும்பத்தில் மூத்த மகனாகப் பிறந்தார். எங்கள் வீட்டில் பிள்ளைகள் பெரியவர்களிடம் முகத்துக்கு நேராகப் பார்த்துப் பேசுவதில்லை. ஏதாவது கேட்டால் தரையைப் பார்த்து, சற்றுப் பொறுத்து, மெதுவாகச் சொல்வோம். நிமிர்ந்து பட்டென்று பதில் சொன்னால் அம்மா அதட்டுவார்: "பெரியவங்கள என்ன அப்படி மொறைச்சுப் பாக்கற?" எங்களுக்கு அதுதான் மரியாதை, அதுதான் வளர்ப்பு.

அண்ணன் பள்ளியில் சேர்ந்த ஆண்டு, பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்க மலைக்குக் கீழிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஒரு சிவப்புக் கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, "இது என்ன கலர்?" என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன் தரையைப் பார்த்து நின்றார். அடுத்து ரயில் படத்தைக் காட்டினார். மலையை விட்டு இறங்காத பிள்ளை ரயிலை எங்கே கண்டது? அண்ணன் அதற்கும் பேசவில்லை. சோதனை அவ்வளவுதான். ஆசிரியர் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"பையனுக்கு மந்த புத்திங்க. படிப்பு ஏறாது. காட்டு வேலைக்கே பழக்கிடுங்க."

படித்தவர்கள் சொன்னால் சரியாக இருக்கும் என்று அப்பா நம்பினார். அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். அரை மணி நேரத்தில் ஒரு பிள்ளையின் ஆயுளையே எழுதி முடித்தவர்களைத்தான் குறை சொல்வேன்.

பின்னாளில் என்னைத் தோளில் தூக்கிப் போய் அதே பள்ளியில் விட்டவர் அண்ணன்தான். நான் உள்ளே படிப்பேன். அவர் திரும்பிக் காட்டுக்குப் போவார். அவருக்குக் கிடைக்காததை எனக்குக் கொடுப்பதில் அவர் முகத்தில் ஒரு நாளும் வருத்தம் தெரிந்ததில்லை.

ஆனால் 'மந்தம்' என்ற அந்தச் சொல் அவரை விடவில்லை. ஊரார் தன்னை எப்படிப் பார்க்கிறார்களோ, அப்படியே தன்னைப் பார்த்துக்கொண்டுதான் ஒரு குழந்தை வளர்கிறது. அண்ணன் வாயைத் திறக்கும் முன்பே யாராவது அவருக்காகப் பேசிவிடுவார்கள். போகப் போக அவரே யாராவது பேசட்டும் என்று காத்திருக்கப் பழகினார். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு முன் பங்காளிகள் கூடிப் பேசும்போது எல்லோரிடமும் ஒரு வார்த்தை கேட்பார்கள். அண்ணனைத் தாண்டி அடுத்தவரிடம் போய்விடுவார்கள். உட்கார்ந்திருந்த ஆள் அவர்கள் கண்ணில் படவே இல்லை.

வெள்ளக்கடையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணுக்கு அண்ணனைப் பிடித்திருந்தது. பெரியவர்களும் பேசி முடித்துவிட்டார்கள். எங்கள் உறவிலேயே ஒருவர் போய் அந்தச் சொல்லை அவர்கள் காதில் போட்டார். சம்பந்தம் நின்றது. நான் ஆத்திரத்தில் அழுதேன். "உடு கண்ணு, அவங்களும் யாரோ சொன்னதத்தான சொல்றாங்க" என்றார் அண்ணன். அதன் பிறகு அவர் கல்யாணப் பேச்சையே எடுக்கவிடவில்லை.

என் மகள் ஏற்காட்டில் ஒரு பள்ளியில் சேர்ந்தபோது எனக்கும் அதே அழைப்பு வந்தது. குழந்தை பேசுவதில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை, வளர்ச்சியில் குறை இருக்கலாம், வேறு பள்ளி பாருங்கள் என்றார்கள். என் கணவர் வெளியூர் வேலையில் இருந்ததால் நானும் மகளும் செம்மநத்தத்தில் அண்ணனோடுதான் இருந்தோம். அண்ணன்தான் என்னோடு பஸ் ஏறி வந்தார். பள்ளியின் மனநல ஆலோசகர் ஓர் இளம்பெண். எங்கள் எதிரிலேயே மகளிடம் ஒரு சிவப்புக் கட்டையை நீட்டி நிறம் கேட்டார். மகள் தரையைப் பார்த்தாள். அப்போது, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றிருந்த அண்ணன் பேசினார்.

"ஏனுங்கம்மா, ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளுங்க."

"அது என்ன கலருன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

ஆலோசகர் சிரித்தார். "தெரியும்."

"தெரிஞ்சத எதுக்குங்க கேக்கறீங்க? எங்கூட்டுல தெரியாதவங்கதானுங்க கேப்பாங்க. தெரிஞ்சவங்க கேட்டா, நம்மள வெச்சு வெளையாடறாங்கன்னுதான் புள்ளைக்குத் தோணும். என்னையும் இப்படித்தானுங்க கேட்டாங்க. நான் பேசல. மந்தம்னு எழுதிட்டாங்க. தெரியாம இல்லீங்க. அன்னைக்கும் அது செவப்புதானுங்க."

அண்ணன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றுவிட்டது. கட்டையைக் கீழே வைத்துவிட்டு, "நான் உங்க வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

சொன்னபடி செம்மநத்தத்துக்கு வந்தார். வாசலில் உட்கார்ந்து காலை முழுவதும் பார்த்துக்கொண்டே இருந்தார். என் மகள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அதட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். பிறகு அவளாகவே அவரிடம் போய், "உங்க ஊடு எங்க இருக்குது? அங்க மாடு இருக்குதுங்களா?" என்று கேட்டாள். தெரியாததைக் கேட்டாள். மகளுக்குக் குறை ஒன்றுமில்லை என்று ஆலோசகர் எழுதிக் கொடுத்தார். உண்மையிலேயே குறை உள்ள பிள்ளைகளுக்கு இத்தகைய சோதனைகள் உதவும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளை எந்த வீட்டில், எந்தப் பழக்கத்தில் வளர்கிறது என்று பாராமல் அதன் அறிவை அளக்க யாருக்கு உரிமை? அண்ணனைத் தேடி அன்று யாரும் வீட்டுக்கு வரவில்லையே!

அதன் பிறகு அண்ணன் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசத் தொடங்கினார். காலம் அவருக்கு அதிகம் மிச்சமிருக்கவில்லை. இதயம் பலவீனமாகிச் சேலத்தில் மருத்துவமனையில் சேர்த்தோம். மருத்துவர் நிலைமையைச் சொல்ல வந்தபோது, உடனிருந்த உறவினர் ஒருவர், "அவருக்கு ஒண்ணும் புரியாதுங்க, வெளிய வந்து எங்ககிட்டச் சொல்லுங்க" என்றார். சாகப் போகிற நேரத்திலும்!

அண்ணன் தலையணையிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். மருத்துவரின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"எங்கிட்டயே சொல்லுங்க டாக்டர். என்னோட ஒடம்புதானுங்க."

மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எல்லாவற்றையும் அவரிடமே சொன்னார். "ஆபரேஷன் பண்ணுனா நடமாட முடியுமுங்களா?" என்று அண்ணன் கேட்டார். உறுதி சொல்ல முடியாது என்றார் மருத்துவர். "அப்ப நான் ஊட்டுக்கே போறனுங்க." தன் வாழ்க்கையில் ஒரு பெரிய முடிவை அண்ணன் தானே எடுத்தது அன்றுதான். காப்பி பூத்திருந்த நாட்களில், சொந்த வீட்டில், எங்களோடு பேசிக்கொண்டே அவர் அடங்கினார்.

அண்ணனிடம் நேருக்கு நேர் பேசிய அந்த மருத்துவருக்கும், மழையில் வண்டி ஏறாத பாதையில் அவரைக் கட்டிலோடு தூக்கி வந்த செம்மநத்தம் இளைஞர்களுக்கும், துக்க நாட்களில் எங்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்ட அண்டை வீட்டுப் பெண்களுக்கும், செய்தி கேட்டு மாலையோடு ஓடிவந்த அந்த ஆலோசகருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

காரியத்தன்று சிலர், "பாவம், ஒண்ணும் தெரியாத மனுசன்" என்று சொல்லித் தேற்றினார்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல என்னால் முடியவில்லை. அண்ணனைப் பற்றி இனியும் அப்படிச் சொல்ல நினைக்கிறவர்கள் தயவுசெய்து எங்கள் வீட்டுப் படி ஏற வேண்டாம்.

– தங்கை