கணவாயில் நான் கலைத்த கல்

எண்பத்து மூன்றில், கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, நூலகத்தில் அட்டை கிழிந்த பழைய புத்தகம் ஒன்று கையில் சிக்கியது. வெகுகாலத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்கார சர்வேயர் சங்கிலி போட்டு அளந்துகொண்டே வத்தல்மலைக் கணவாயைக் கடந்தார், உச்சியில் ஒரு பாறையில் குறி வெட்டினார் என்று அதில் இரண்டே வரி. எனக்குப் போதாதா? அந்தக் குறியைக் கண்டுபிடிக்க வேண்டும், கல்லூரி மலரில் எழுத வேண்டும். அந்த வாரம் முழுக்க வேறு நினைப்பே இல்லை.

கடத்தூர் சந்தைக்குப் புளி கொண்டுவரும் மலைக்காரர் ஒருவர் வழிகாட்ட ஒப்புக்கொண்டார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். விடியும் முன்பே மலையிறங்கி வந்து பொம்மிடி ஸ்டேஷனில் காத்திருந்தார். அவர் காலில் டயர் செருப்பு, என் காலில் இரவல் பூட்ஸ். அதைப் பார்த்துவிட்டு, "மலைக்குப் போறமா, சண்டைக்குப் போறமாங்க தம்பி?" என்றார். வழியெல்லாம் நான்தான் பேசினேன். எனக்கு மூச்சு வாங்கும்போது மட்டும் அவர் பேசினார்.

அப்படிக் கிடைத்த இடைவெளியில்தான் அவர்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னார். மலையை விட்டு இறங்குகிறவர்கள் கணவாயில் இருக்கும் கற்குவியலின்மேல் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். திரும்பி ஏறும்போது அதே கல்லை எடுத்து வீசிவிட்டு ஊருக்குள் போவார்கள். அன்று காலை அவர் வைத்த கல்லும் அங்கே இருக்கிறது. அவர் தம்பி கட்டட வேலைக்கு பெங்களூர் போய் நாலு வருஷம். ஒரு கடிதாசி இல்லை. போகும்போது அவன் வைத்த வெள்ளைக்கல் இன்னும் அப்படியே இருக்கிறது. ஆத்தா விறகுக்கு வரும்போதெல்லாம் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகுமாம். கல் இருக்கும்வரை மகன் இன்னும் வரவேண்டியவன்தான்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நான் கேட்ட கேள்வி, அந்தக் குவியல் எவ்வளவு பழசு என்பது. பாட்டன் காலத்துக்கும் முந்தியது என்றார். எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. குறி வெட்டிய பாறையின் மேலேயேதான் குவித்திருக்கிறார்கள், சந்தேகமே இல்லை!

கணவாயை எட்டும்போது உச்சி வெயில். இரண்டு முகடுகளுக்கு நடுவில் ஒரு மாட்டுவண்டி நிற்கிற இடம்தான் இருந்தது; ஒரு பக்கம் செங்குத்தான சரிவு, கீழே மூங்கில் புதர். குவியல் என் இடுப்பளவு. அண்ணா சுனையில் தண்ணீர் எடுத்துவரப் போனார். பத்து நிமிஷம் பொறுத்திருந்தால் அவரையே கேட்டிருக்கலாம். ஓரத்தில் கொஞ்சம் எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே அடுக்கிவிடலாம் என்று நினைத்தேன். வெள்ளைக்கல்லைப் பத்திரமாகத் தனியே எடுத்துவைக்கவும் செய்தேன். வைத்தது சரிவின் பக்கம். அடியில் நாலைந்து கற்களை உருவியதும் குவியல் மொத்தமும் சரிந்து, அந்தக் கல்லையும் அடித்துக்கொண்டு கீழே உருண்டது.

பாறை தெரிந்தது. அதில் சிலுவை மாதிரி இரண்டு கோடுகள், நடுவில் ஒரு குழி. அண்ணா திரும்பி வரும்போது நான் மண்டி போட்டு, குறியின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துக்கொண்டிருந்தேன். கிடைத்துவிட்டது என்று சிரித்தேன்.

"வெள்ளக்கல்லு எங்கீங்க?" என்று மட்டும் கேட்டார்.

வெயில் சாயும்வரை புதருக்குள் தேடினோம். வெள்ளையாக மூன்று கற்கள் கிடைத்தன. ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டி, "இதுங்களாண்ணா?" என்றேன். கடைசியில் ஒன்றை வாங்கிக்கொண்டார். குவியலை மறுபடி அடுக்கி, அதை மேலே வைத்தார். காலையில் தான் வைத்த கல் எது என்று தெரியாமல், கைக்கு வந்த ஒன்றை எடுத்து வீசிவிட்டு நடந்தார்.

அன்று அவர்கள் வீட்டில் ஆத்தா எனக்குச் சாமைச்சோறு போட்டு, கை கீறியிருப்பதைப் பார்த்து மஞ்சள் அரைத்துப் பூசிவிட்டது. சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். சோறு நன்றாக இருக்கிறது என்றேன். மறுநாள் காலை தருமபுரி பக்கமாக இறங்கினேன். தேய்த்தெடுத்த தாள் சட்டைக்குள் பத்திரமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, அச்சான மலரைக் காட்டச் சந்தைக்கு ஓடினேன். அண்ணா அதை வாங்கி, பிரிக்காமலே புளிமூட்டைமேல் வைத்தார். ஆத்தா தொட்ட மாத்திரத்தில் அது மகன் வைத்த கல் இல்லை என்று கண்டுபிடித்துவிட்டதாம்.

"தம்பி கணவா வரைக்கும் வந்திருக்கான், கல்ல எடுத்து வீசிட்டு, வூட்டுக்கு வராமயே எறங்கிட்டான்னு சொல்லுதுங்க. எனக்கும் அவனுக்கும் பழைய தகராறு ஒண்ணு இருந்துது. நாந்தான் தொரத்திட்டு, வேற கல்ல வெச்சு மறைக்கறனாம். எங்கூடப் பேச்சே இல்லீங்க."

இன்றைக்கே ஏறலாம், நானே உண்மையைச் சொல்கிறேன் என்று படபடத்தேன். அவர் தராசைத் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

"நான் சொல்லிக்குடுத்துக் கூட்டியாந்தேன்னுதான் நெனைக்கும். வேண்டாங்க. அந்தக் காலேஜுப் புள்ள நல்ல புள்ளன்னு அடிக்கடி சொல்லுது. அதாச்சும் இருக்கட்டும்."

யார் சொன்னாலும் நிற்காதவன், அவர் அப்படிச் சொன்னதும் நின்றுவிட்டேன். பரீட்சை முடியட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பரீட்சை முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. கடத்தூருக்குப் போனால், புளி விற்கும் வரிசைப் பக்கம் நான் போவதில்லை.